கெப்பாசிட்டர் டார்ச் யாருக்குப் பொருந்தும்? கேள்வி பதில்

சென்னையிலிருந்து ஓர் ஆச்சி: முன்னோருக்குப் படையல் போடும் படைப்புக்கு மட்டும்தான் ஊர் வீட்டைத் திறக்கிறோம் தம்பி. ஒவ்வொரு தடவையும் சார்ஜ் டார்ச் செத்துக் கிடக்கிறது. கெப்பாசிட்டர் டார்ச் வாங்கலாமா?

உங்களைப் போன்றவர்களுக்குத்தான் ஆச்சி அது. பேட்டரிக்குப் பதிலாக சூப்பர் கெப்பாசிட்டரில் மின்சாரத்தைச் சேமிக்கும் டார்ச் அது. ஈய அமில பேட்டரி சார்ஜ் இல்லாமல் மாதக்கணக்கில் கிடந்தால் தகட்டில் சல்பேட் படிந்து கெட்டுவிடும். லித்தியம் செல்லும் அளவுக்கு மீறி வடிந்தால் மீளாது. சூப்பர் கெப்பாசிட்டரில் அந்த வேதிவினை இல்லை. நுண்துளை நிறைந்த கார்பன் பரப்பில் மின்னூட்டம் ஒட்டி நிற்கிறது, அவ்வளவுதான். முழுக்க வடிந்து வருடக்கணக்கில் கிடந்தாலும் கேடில்லை. லட்சக்கணக்கான முறை சார்ஜ் தாங்கும்.

ஆனால் ஒன்று, நீங்கள் போகும்போது அதுவும் காலியாகத்தான் இருக்கும். சும்மா இருந்தாலே கொஞ்சம் கொஞ்சமாக வடியும். கரண்ட் இருந்தால் ஓரிரு நிமிடத்தில் நிரம்பிவிடும். இருட்டில் வீட்டைத் திறக்கும்போது கரண்ட் இல்லாவிட்டால்? அதனால் கைப்பிடி சுற்றி சார்ஜ் ஏற்றும் வகையையே வாங்குங்கள்.

கானாடுகாத்தானில் ஒரு வாட்ச்மேன்: ராத்திரி முழுக்க எரியுமாண்ணே?

எரியாது. 100 ஃபாரட் (கெப்பாசிட்டரின் கொள்ளளவைச் சொல்லும் அலகு), 2.7 வோல்ட் கெப்பாசிட்டரில் சுமார் 365 ஜூல் ஆற்றல்தான் அடங்கும். டார்ச்சுகளில் வரும் சாதாரண 18650 அளவு லித்தியம் செல்லில் 30,000 ஜூலுக்கு மேல். அரை வாட் எல்இடியை முன்னது பத்து நிமிடத்தை ஒட்டி எரிய வைக்கும். வளவு, இரண்டாம் கட்டு, தோட்டம் என்று விடிய விடியச் சுற்றுகிற உங்களுக்கு லித்தியம் டார்ச்தான் சரி. இதற்காகப் பணத்தை வீணாக்காதீர்கள்.

காரைக்குடி கல்லூரி மாணவர்: சில டார்ச்சில் வெளிச்சம் மங்கிக்கொண்டே போகிறதே?

நல்ல கேள்வி. பேட்டரியின் வோல்டேஜ் பெரும்பாலும் நிலையாக நிற்கும். கெப்பாசிட்டரில் அது தொடக்கத்திலிருந்தே இறங்கும். வெள்ளை எல்இடிக்கோ ஏறக்குறைய 3 வோல்ட் வேண்டும். ஆகவே வோல்டேஜை உயர்த்தித் தரும் பூஸ்ட் சர்க்யூட் அவசியம். அது 1 வோல்ட் வரை இழுத்தால் சேமித்த ஆற்றலில் 86 சதவீதம் பயன்படும். விலை குறைப்பதற்காக அதை விட்டுவிட்டு இரண்டு கெப்பாசிட்டரைத் தொடராக இணைத்துவிடுகிறார்கள், அவைதான் மங்குபவை.

தேவகோட்டையிலிருந்து ஒருவர்: நம்ம வெயிலுக்குத் தாங்குமா?

வீட்டுக்குள் தாங்கும். வெயிலில் நிற்கும் கார் டாஷ்போர்டில் வைக்காதீர்கள். பெரும்பாலானவற்றுக்கு 65 டிகிரிதான் வரம்பு. அப்புறம், பெட்டியில் எத்தனை ஃபாரட் என்று போடாமல் மணிக்கணக்கு மட்டும் போட்டிருந்தால் வாங்கவே வேண்டாம்.