புது மலையில் முதல் பேக்கன்ட்ரி சீசன்: எங்கிருந்து தொடங்குவது?

கேள்வி: நான்கு வருடங்களாக லிஃப்ட் உள்ள ரிசார்ட்டுகளில் பனிச்சறுக்கு செய்து வருகிறேன். கடினமான பாதைகளிலும் ஓரளவு சமாளித்துவிடுவேன். வேலை காரணமாக இந்தக் குளிர்காலம் முழுக்க எனக்குப் பழக்கமே இல்லாத ஒரு மலைப்பகுதியில் இருக்கப் போகிறேன். லிஃப்ட் இல்லாமல் நானே ஏறி நானே இறங்கும் பேக்கன்ட்ரி பனிச்சறுக்கைத் தொடங்க ஆசை. அங்கே யாரையும் தெரியாது. நிறைய பேர் போய்வரும் இடமாகப் பார்த்து, அவர்கள் தடத்தைப் பிடித்துக்கொண்டே போனால் போதுமா? என்னென்ன வாங்க வேண்டும்? பழைய சாமான்கள் வாங்கலாமா?

பதில்: தடத்தைப் பற்றி முதலில் பேசிவிடலாம். உங்கள் கேள்வியில் என்னைப் பதற வைத்த வரி அதுதான். ஒரு சரிவில் ஐந்து தடங்கள் இருந்தால், ஐந்து பேர் போயிருக்கிறார்கள், அவ்வளவுதான். அவர்களுக்கு விவரம் தெரிந்திருந்ததா என்பதைத் தடம் சொல்லாது. ஆறாவது ஆளையும் அந்தச் சரிவு தாங்குமா என்பதையும் சொல்லாது. பனிக்கு அடியில் இருக்கும் பலவீனமான அடுக்கு எல்லா இடத்திலும் ஒரே ஆழத்தில் இருப்பதில்லை. ஐந்து பேரும் பனி தடிமனாக இருந்த பக்கம் போயிருப்பார்கள். ஆறாவது ஆள் பாறையை ஒட்டி, பனி மெல்லிசாக இருக்கும் இடத்தில் திரும்புவார். மொத்தச் சரிவும் கிளம்பிவிடும். பனிச்சரிவில் சிக்கி இறப்பவர்களில் பத்துக்கு ஒன்பது பேர் விஷயத்தில் அதைக் கிளப்பிவிட்டது அவர்களே, அல்லது அவர்கள் கூட வந்தவர்கள்.

ரிசார்ட்டில் நான்கு வருடம் நிம்மதியாக இறங்கினீர்கள் அல்லவா? அங்கே நீங்கள் எழுந்திருக்கும் முன்பே ஒரு குழு போய், சந்தேகமான சரிவுகளில் வெடி வைத்துப் பனியைத் தள்ளிவிட்டு, மிச்சத்துக்குக் கயிறு கட்டி வைத்திருக்கும். பேக்கன்ட்ரியில் அந்த வேலையும் உங்கள் தலையில். உங்கள் முழங்காலும் சமநிலையும் எந்த மலைக்கும் உங்களோடு வரும். பனியைப் பற்றிய அனுபவம் வராது.

இதை நான் பட்டுத்தான் தெரிந்துகொண்டேன். கடலுக்குப் பக்கத்து மலைகளில் பழகியவன் நான். அங்கே எங்கள் கணக்கு எளிது: பெரிய பனிப்பொழிவு வந்தால் இரண்டு நாள் பொறு, பிறகு போ. அதே கணக்கோடு உள்நாட்டில் ஒரு வறண்ட, குளிர் அதிகமான மலைக்குப் போனேன். பனி விழுந்து நான்கு நாள் ஆகியிருந்தது, வானம் பளிச்சென்று இருந்தது. சமதளமான ஒரு வெளியில் நடந்துகொண்டிருந்தபோது காலுக்கடியில் 'வும்ஃப்' என்று ஒரு சத்தம். தரை ஒரு விரல்கடை இறங்கியது போல இருந்தது. நிமிர்ந்து பார்த்தால், மேலே சரிவில் குறுக்காக ஒரு விரிசல் ஓடி நின்றிருந்தது. அது கிளம்பவில்லை. ஏன் கிளம்பவில்லை என்பதற்கு என்னிடம் பதில் இல்லை.

நடந்தது என்னவென்றால், உள்நாட்டு மலைகளில் சீசன் தொடக்கத்தில் விழும் மெல்லிய பனி வாரக்கணக்கில் அப்படியே கிடக்கும். தரை ஏறக்குறைய பூஜ்ஜியம் டிகிரி, மேற்பரப்பு கடும் குளிர். அந்த வித்தியாசத்தால் ஈரம் ஆவியாகி மேலே நகர நகர, பனித்துகள்கள் கூர்முனை கொண்ட மணிகளாக மாறிவிடும். தோண்டிக் கையில் அள்ளிப் பாருங்கள், சர்க்கரை மாதிரி விரலிடுக்கில் வழியும். எவ்வளவு அமுக்கினாலும் உருண்டை பிடிக்க வராது. அதன் மேல் அடுத்தடுத்து விழும் பனி இறுகிப் பலகை போல உட்கார்ந்துவிடும். சர்க்கரை மேல் வைத்த பலகை. அமெரிக்காவின் கொலராடோ மலைகளில் நவம்பரில் உருவான இந்த அடுக்கு மாதக்கணக்கில் தொல்லை கொடுக்கும். அதே நாட்டில் பசிபிக் கரையோரம் இருக்கும் கேஸ்கேட் மலைகளில் பனி ஆழமாக, வெதுவெதுப்பாக விழும். பெரும்பாலும் சில நாட்களில் ஒட்டி இறுகிவிடும். ஒரு மலையின் அனுபவம் இன்னொரு மலையில் செல்லாது என்பதற்கு இதைவிட உதாரணம் வேண்டாம். பூமத்திய ரேகையைத் தாண்டிப் போனால் இன்னொரு குழப்பமும் சேரும். வடக்கே நிழல் விழும் குளிர்ந்த சரிவுகள் வடக்கு பார்த்தவை. நியூசிலாந்திலும் ஆண்டீஸின் தென்பகுதியிலும் அவை தெற்கு பார்த்தவை.

சரி, புது ஆளுக்கு எதுதான் பிடிமானம்? சாய்வு. மலை மாறினாலும் மாறாத விஷயம் அது ஒன்றுதான். பலகை போலப் பெயர்ந்து வரும் பனிச்சரிவுகளில் மிகப் பெரும்பாலானவை 30 முதல் 45 டிகிரி சாய்வில்தான் கிளம்புகின்றன. 38 டிகிரிக்குப் பக்கத்தில் மிக அதிகம். வேடிக்கை என்னவென்றால், இறங்குவதற்கு ஜாலியான சாய்வும் அதேதான். முதல் சீசனில் நான் சொல்வது ஒரே விதி: 30-க்குக் கீழேயே இருங்கள். 25 டிகிரியில் புதுப்பனியில் இறங்குவதும் சுகமாகத்தான் இருக்கும். ஊர் பேர் தெரியாத மலையில் அந்த சுகம் போதும்.

30 டிகிரி என்பதைக் கண்ணால் பார்த்துச் சொல்லிவிடலாம் என்று மட்டும் நினைக்காதீர்கள், பழகாத கண் எப்போதும் தப்பாகவே சொல்லும். போனில் சாய்வுமானி இருக்கிறது. அது இல்லாமலும் அளக்கலாம். சிறிய, ஆபத்தில்லாத ஒரு மேட்டில் இதைச் செய்து பழகுங்கள். ஒரே நீளமுள்ள இரண்டு ஊன்றுகோல்கள் வேண்டும். ஒன்றைச் சரிவின் போக்கிலேயே, முனை மேலும் கைப்பிடி கீழுமாகப் பனியில் படுக்க வைத்து அழுத்தி அச்சு எடுங்கள். முனையை அதே இடத்தில் வைத்துக்கொண்டு கைப்பிடியை மேலே தூக்குங்கள். இரண்டாவது கோலை அந்தக் கைப்பிடியிலிருந்து செங்குத்தாகத் தொங்க விட்டு, அதன் முனை பனியைத் தொடும் வரை உயரத்தைச் சரி செய்யுங்கள். முனை அச்சின் கீழ்நுனியில் சரியாகப் பட்டால் சாய்வு 30 டிகிரி. அதைத் தாண்டிக் கீழே பட்டால் 30-க்கு மேல். பத்து மேடுகளில் செய்து பார்த்தால் கண் தானாகத் திருந்தும்.

இதில் ஒரு பொறி இருக்கிறது. நீங்கள் நிற்கும் இடம் 20 டிகிரியாக இருக்கலாம். உங்கள் தலைக்கு மேலே இருப்பது 38 ஆக இருந்தால் நீங்கள் நிற்பது அந்தப் பனி வந்து சேரும் இடம். என் கதையில் நடக்கவிருந்த மாதிரி, கீழே நின்றபடியே மேலே இருப்பதைக் கிளப்பிவிடவும் முடியும். அதனால் காலடியை மட்டும் பார்க்காமல் முகடு வரை பாருங்கள். சாய்வுக்கு ஏற்ப நிறம் தீட்டிய வரைபடங்கள் போன் செயலிகளில் கிடைக்கின்றன. வீட்டில் உட்கார்ந்து பாதை போட அவை அருமையானவை. ஆனால் சின்னச் சின்ன செங்குத்துகள் அவற்றில் விழாமல் போகும். அடியில் குறுகிய ஓடைப்பள்ளமோ மரக்கூட்டமோ பாறை விளிம்போ உள்ள சரிவுகளையும் ஒதுக்குங்கள். அங்கே சின்னப் பனிச்சரிவுகூட ஆளை ஆழமாகப் புதைத்துவிடும், அல்லது மோதித் தள்ளும்.

அடுத்தது தினசரி பனிச்சரிவு முன்னறிவிப்பு. அமெரிக்கா, கனடா, ஆல்ப்ஸ் நாடுகளில் இதற்கென்றே நிலையங்கள் இருக்கின்றன. சுவிட்சர்லாந்தில் டாவோஸில் இருக்கும் எஸ்எல்எஃப் ஆய்வு நிறுவனம் ஓர் உதாரணம். அபாயத்தை 1 முதல் 5 வரை எண்ணிட்டுத் தருவார்கள். 3 என்றால் நடுவில்தானே இருக்கிறது என்று தோன்றும். அது நடு அல்ல. ஒவ்வொரு படிக்கும் அபாயம் பல மடங்கு ஏறுகிறது. 4, 5 என்று வரும் நாட்களில் ஆட்கள் பயந்து வீட்டில் இருந்துவிடுகிறார்கள். 3-இல் துணிந்து கிளம்பி உயிரை விடுகிறவர்கள்தான் அதிகம். எண்ணோடு நிறுத்திவிடாதீர்கள். எந்தத் திசை பார்த்த சரிவு, எந்த உயரம், என்ன மாதிரிச் சிக்கல் என்பது கீழே இருக்கும்: புதுப்பனியா, காற்று கொண்டுவந்து குவித்ததா, நான் சொன்ன சர்க்கரை அடுக்கா, ஈரப்பனியா என்று. அங்கே போவதற்கு முன்பே, சீசன் தொடங்கிய நாளிலிருந்து வந்த அறிக்கைகளை எல்லாம் படியுங்கள். கதை போல இருக்கும். எந்த மழையால் எந்த அடுக்கு உருவானது, அது இன்னும் உயிரோடு இருக்கிறதா என்று தெரிந்துவிடும். உள்ளூர்க்காரருக்கும் உங்களுக்கும் உள்ள இடைவெளியில் பாதி அதிலேயே குறையும். முன்னறிவிப்பே இல்லாத மலை என்றால் வழிகாட்டி இல்லாமல் போகாதீர்கள், பேச்சே இல்லை.

தனியாகவும் வேண்டாம். பீக்கன் (புதைந்தவரைக் கண்டுபிடிக்க சிக்னல் அனுப்பும், வாங்கும் கருவி), ப்ரோப் (பனிக்குள் குத்தித் தேடும் நீளக்கம்பி), ஷவல் (பனி தோண்டும் மண்வாரி) என்ற மூன்றையும் எல்லோரும் வாங்கச் சொல்வார்கள். இவை உங்களைக் காப்பாற்றுவதில்லை. உங்களிடம் இருப்பவை உங்கள் நண்பரைக் காப்பாற்றும், அவரிடம் இருப்பவை உங்களைக் காப்பாற்றும். பனியில் புதைந்தவரைப் பத்து நிமிடத்துக்குள் தோண்டி எடுத்தால் பிழைக்க நல்ல வாய்ப்பு. அரைமணி நேரம் தாண்டும்போது அது ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்காகிவிடும். மீட்புக்குழு அதற்குள் வந்து சேராது. பீக்கன்கள் எல்லாமே, எந்த நாட்டில் வாங்கினாலும், 457 கிலோஹெர்ட்ஸ் அலைவரிசைதான். அந்தக் கவலை வேண்டாம். போனை மட்டும் அதிலிருந்து 20 சென்டிமீட்டராவது தள்ளி வையுங்கள், தேடும்போது 50. ஒரு பைக்குள் பீக்கனை வைத்து, அந்தப் பையைப் பனியில் புதைக்க நண்பரிடம் சொல்லி, நேரம் வைத்துத் தேடிப் பழகுங்கள். முதல் தடவை வெட்கமாக இருக்கும்.

கூட்டாளி கிடைக்க நல்ல வழி, அந்த மலையிலேயே நடக்கும் தொடக்கநிலைப் பனிச்சரிவுப் பயிற்சியில் சேர்வது. பெரும்பாலும் இரண்டு மூன்று நாள். உங்களைப் போலவே ஆள் தேடி வந்தவர்கள் அங்கே இருப்பார்கள். அதன் பிறகு ஒரு நாளாவது சான்றிதழ் பெற்ற வழிகாட்டியோடு போங்கள். நல்ல பனி எங்கே என்று கேட்பதில் அந்தப் பணத்தைச் செலவழிக்காதீர்கள். "நீங்கள் நினைப்பதை எல்லாம் வாய்விட்டுச் சொல்லிக்கொண்டே வாருங்கள்" என்று கேளுங்கள். ஏன் இந்த மரத்தைச் சுற்றினார், ஏன் அந்த முகட்டைத் தவிர்த்தார் என்பதுதான் உங்களுக்கு வேண்டியது.

நேரக்கணக்குக்கு சுவிஸ் வழிகாட்டி வெர்னர் முன்டரின் பெயரில் ஒரு எளிய வழி இருக்கிறது. கிலோமீட்டருக்கு ஒன்று, ஏறும் ஒவ்வொரு நூறு மீட்டருக்கும் ஒன்று என்று கூட்டி, நான்கால் வகுத்தால் ஏற ஆகும் மணி நேரம். நான்கு கிலோமீட்டர், 600 மீட்டர் ஏற்றம் என்றால் பத்து, அதாவது இரண்டரை மணி. புதியவர் மூன்றால் வகுப்பது நல்லது. திரும்பும் நேரத்தை முன்பே முடிவு செய்துவிடுங்கள். உச்சி கண்ணுக்குத் தெரியும்போது முடிவெடுத்தால் யாரும் திரும்புவதில்லை.

உள்ளூர் விதிகளையும் பாருங்கள். கனடாவின் ராஜர்ஸ் கணவாயில் நெடுஞ்சாலையைக் காக்கப் பீரங்கியால் பனிச்சரிவைக் கிளப்புவதால், அனுமதி இல்லாமல் பல பகுதிகளுக்குள் போகக் கூடாது. சுவிட்சர்லாந்தில் விலங்குகளுக்காகக் குளிர்காலத்தில் மூடும் காடுகள் உண்டு.

பழைய சாமான்: ஸ்கீயும், பூட்ஸை அதில் பிடித்துவைக்கும் பைண்டிங்கும் தாராளமாக வாங்கலாம், பைண்டிங்கை மட்டும் ஒரு கடையில் கொடுத்து உங்கள் பூட்ஸுக்கும் எடைக்கும் சரி செய்யச் சொல்லுங்கள். ஏறுவதற்கு அடியில் ஒட்டும் ஸ்கின் பழசானால் பசை போயிருக்கும்; இரண்டையும் பசைப்பக்கம் சேர்த்து ஒட்டிப் பிரித்துப் பாருங்கள், கஷ்டப்படாமல் வந்தால் வேண்டாம். பீக்கன் புதிதாக, மூன்று ஆன்டெனா உள்ளதாக இருக்கட்டும். ஷவல் உலோகத்தில் இருக்கட்டும்; பனிச்சரிவு நின்றதும் பனி சிமென்ட் மாதிரி இறுகிவிடும், பிளாஸ்டிக் அதில் உடையும். பூட்ஸை மட்டும் படம் பார்த்து வாங்காதீர்கள். மாட்டிக்கொண்டு அரைமணி நேரம் கடையிலேயே நடங்கள், படிக்கட்டு இருந்தால் ஏறி இறங்குங்கள். குதிகால் லேசாகத் தூக்கினால்கூட ஒரு அளவு சிறியதைக் கேளுங்கள், முதல் நாள் ஏற்றத்திலேயே அங்கே கொப்புளம் வந்துவிடும்.