பொங்குது, நாறுது, வெடிக்குது: பழ ஒயின் கேள்வி-பதில்

கிறிஸ்துமஸுக்கு இன்னும் நாள் இருக்கும்போதே கடிதங்கள் குவிய ஆரம்பித்துவிட்டன. பாதிக்கு மேல் வெளிநாட்டுக்குப் போன நம் ஊர்க்காரர்கள் எழுதியவை. அங்கே பல நாடுகளில் வீட்டில் பழ ஒயின் போடச் சட்டம் இடம் கொடுக்கிறது, போடுகிறார்கள், கெடுத்துக்கொள்கிறார்கள், பிறகு எனக்கு எழுதுகிறார்கள். மறுபடியும் சொல்கிறேன்: என்ன பழம், எத்தனை கிலோ, எவ்வளவு சர்க்கரை, எந்த ஈஸ்ட், எங்கே வைத்தீர்கள் என்று எழுதுங்கள். இது எதுவும் இல்லாமல் "டேஸ்ட் சரியில்லை சார், என்ன பண்ணலாம்" என்று மட்டும் கேட்டால் எனக்கு ஜோசியம் தெரியாது. அப்படி வந்தவற்றை எல்லாம் ஒதுக்கி வைத்துவிட்டேன்.

விற்கப் போவதில்லை, வீட்டுக்கு மட்டும்தான். பத்து கிலோ பன்னீர் திராட்சையில் ஒயின் போட்டால் என்ன தப்பு? (அஸ்தம்பட்டி)

சட்டப்படி தப்பு. 1937-ம் ஆண்டு மதுவிலக்குச் சட்டம் இன்னும் உயிரோடுதான் இருக்கிறது, உரிமம் இல்லாமல் மது தயாரிக்கக் கூடாது என்கிறது, "வீட்டுக்கு மட்டும்" என்பது உரிமம் ஆகாது. அதிலும் இந்தக் கேள்வியை நீங்கள் சேலத்தில் உட்கார்ந்துகொண்டு கேட்கிறீர்கள். ராஜாஜி ஆட்சியில் சென்னை மாகாணத்தில் மதுவிலக்கு முதலில் வந்ததே நம் ஜில்லாவில்தான், 1937 அக்டோபர் 1-ம் தேதி. அமெரிக்காவில் வயது வந்த ஒருவர் ஆண்டுக்கு 100 காலன் வரை சொந்தக் குடிக்குப் போட்டுக்கொள்ளலாம், பிரிட்டனிலும் விற்காத வரை பிரச்சினை இல்லை. அங்கே இருப்பவர்களுக்குச் சொல்லும் பதிலை இங்கே இருப்பவர்கள் செய்து பார்க்க வேண்டாம். உங்களுக்கு மது இல்லாத இஞ்சி ஒயின் இருக்கிறது, கீழே பாருங்கள்.

அம்மா எழுதிக் கொடுத்தபடி ஒரு கிலோ திராட்சைக்கு ஒரு கிலோ சர்க்கரை, ஒரு லிட்டர் தண்ணீர், ஒரு கைப்பிடி கோதுமை. 21 நாள் மரக்கரண்டியால் கிளறி வடிகட்டினேன். பாகு மாதிரி இனிக்கிறது, போதையே இல்லை. இன்னும் சர்க்கரை சேர்க்கட்டுமா? (நியூ ஜெர்சி)

பாகு மாதிரி இனிக்கிறது என்று நீங்களே எழுதிவிட்டு, இன்னும் சர்க்கரை சேர்க்கட்டுமா என்றும் கேட்கிறீர்கள். கொஞ்சம் யோசித்துவிட்டு எழுதியிருக்கலாம்.

அம்மாவைக் குறை சொல்லவில்லை. இந்தக் குறிப்பு எல்லா வீட்டு நோட்டுப் புத்தகத்திலும் இருக்கிறது, வருஷா வருஷம் வாட்ஸ்அப்பிலும் சுற்றுகிறது, அதைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு எரிச்சல்தான் வருகிறது. கணக்கைப் பாருங்கள். ஒரு கிலோ திராட்சையில் முக்கால் லிட்டர் சாறு வரும், அதிலேயே நூறு கிராமுக்கு மேல் சர்க்கரை இருக்கிறது. அதோடு நீங்கள் போட்ட ஒரு கிலோவும் தண்ணீரும் சேர்ந்தால் ஏறக்குறைய இரண்டரை லிட்டர். அதாவது லிட்டருக்கு 450 கிராம் சர்க்கரை. ஈஸ்ட் ஒரு சதவீதம் ஆல்கஹால் உண்டாக்க லிட்டருக்கு 17 கிராம் சர்க்கரை போதும், ஆக 12 சதவீதத்துக்கு 200 கிராம் வேண்டும். மிச்சம் 250 கிராம் என்ன ஆகும்? அப்படியே கிடக்கும், அதுதான் உங்கள் நாக்கில் ஒட்டுகிறது. அதுவும் ஈஸ்ட் 12 வரைக்கும் தம் கட்டினால்தான். இவ்வளவு கெட்டியான பாகில் அதனால் மூச்சே விட முடியாது, பாதியிலேயே படுத்துவிடும். சர்க்கரை கூடினால் போதை கூடும் என்பது ஓர் அளவுவரைதான் உண்மை, அதைத் தாண்டினால் நேர் எதிர்.

அடுத்தது இந்த 21 நாள். சிலருக்கு 41. ஏதோ விரதம் இருப்பதைப் போல எண்ணிக்கொண்டிருக்கிறார்கள். ஈஸ்டுக்குக் காலண்டர் தெரியாது, சூடு குளிர்தான் தெரியும். ஏற்காட்டில் டிசம்பர் ராத்திரி முழுக்க வைத்தாலும் இட்லி மாவு பொங்காது, அதே மாவு கீழே சேலத்தில் ஏப்ரல் மாதம் நாலைந்து மணி நேரத்தில் பாத்திரத்தை விட்டு வழியும். இது தெரிந்தவர்கள்தான் ஒயினுக்கு மட்டும் ஊர் உலகத்துக்கெல்லாம் ஒரே 21 நாள் என்கிறார்கள். 30 டிகிரியில் ஒரு வாரத்தில் நொதிப்பு முடிந்துவிடும், ஆனால் வாசனை கெட்டுப்போகும். 15 டிகிரியில் ஒரு மாதம் தாண்டியும் ஓடும். 20-லிருந்து 25-க்குள் வைத்துக்கொள்வது நல்லது. முடிந்ததா இல்லையா என்று சொல்ல, சாறின் அடர்த்தியைக் காட்டும் ஹைட்ரோமீட்டர் என்று ஒரு கண்ணாடிக் குழாய் இருக்கிறது, வாங்குங்கள். ஆரம்பத்தில் 1.085, 1.090 காட்ட வேண்டும், முடிவில் 1.000 அல்லது அதற்கும் கீழே வந்து மூன்று நாள் அசையாமல் நிற்க வேண்டும். நாளை எண்ணாதீர்கள், சர்க்கரையை அளந்து பாருங்கள்.

கோதுமை எதற்கு? மாவுச்சத்தை உடைக்க ஈஸ்டுக்குத் தெரியாது, எனவே அது ஒயினைக் கலங்க வைப்பதோடு சரி. தினமும் கிளறுவது முதல் ஐந்தாறு நாள், மேலே மிதக்கும் தோலை அமுக்கிவிடத்தான். அதற்குப் பிறகும் திறந்து திறந்து கிளறினால் காற்றுப் புகுந்து புளித்துவிடும்.

அடுத்த முறை கிலோ பழத்துக்கு அரை லிட்டர் தண்ணீர், 175 கிராம் சர்க்கரை, ஒயின் ஈஸ்ட் ஒரு சிட்டிகை. ஐந்தாறு நாளில் தோலைப் பிழிந்து எறிந்துவிட்டு, சாறைக் கழுத்துவரை நிரப்பி, வாயுவை வெளியே விட்டு காற்றை உள்ளே விடாத ஏர்லாக் மூடியைப் போட்டு வையுங்கள். இப்போது கையில் இருப்பதை ஏற்கெனவே நன்றாகப் பொங்கிக்கொண்டிருக்கும் இன்னொரு சாறோடு கொஞ்சம் கொஞ்சமாகக் கலந்து பார்க்கலாம், பலன் நிச்சயம் என்று சொல்ல மாட்டேன்.

ஜவ்வரிசியில் ஒயின் போடலாமா? சேலத்துக்கே அடையாளமாக இருக்குமே! (துபாய்)

முந்தைய பதிலில் கோதுமைக்குச் சொன்னதுதான். முடியாது. ஜவ்வரிசியில் பாயசம் வையுங்கள்.

கடையில் வாங்கிய ஆரஞ்சு ஸ்குவாஷில் தண்ணீரும் ஈஸ்டும் சேர்த்து ஒரு வாரம் ஆகிறது. ஒரு குமிழ்கூட வரவில்லை. ஈஸ்ட் போலியா? (டொராண்டோ)

ஈஸ்டின் மேல் பழி போடும் முன் பாட்டிலின் பின்பக்கம் படித்தீர்களா? சோடியம் பென்சோயேட், பொட்டாசியம் சார்பேட் என்று ஏதாவது ஒன்று பொடி எழுத்தில் இருக்கும். ஈஸ்டும் பூஞ்சையும் பெருகக் கூடாது என்பதற்காகவே போடுவது அது. அதில் ஈஸ்டைப் போட்டு அது பெருகவில்லை என்கிறீர்கள். கொட்டிவிடுங்கள்.

பழமாக வாங்குங்கள். நம் மலைக் கமலா மாதிரி தோல் தளர்ந்து, சுளை எளிதாகக் கழன்று வரும் ரகமாக இருந்தால் நல்லது, உள்ளே இருக்கும் வெள்ளை நாரை உரித்துவிடலாம். அந்த நார்தான் கசப்பு. தோலோடு மிக்ஸியில் அடித்தவர்கள் போன வருஷம் எழுதிய கடிதங்கள் இன்னும் என்னிடம் இருக்கின்றன. வாசனைக்கு ஆரஞ்சு நிற மேல்தோலை மட்டும் இரண்டு பழத்துக்குச் சீவிப் போட்டால் போதும்.

அழுகிய முட்டை நாற்றம் வருகிறது, தூக்கி எறியவா? (லெஸ்டர்)

வேண்டாம். ஈஸ்ட் பட்டினி கிடந்தால் வருகிற வாடை அது. நைட்ரஜன் சத்துப் போதவில்லை. நொதிப்பு இன்னும் ஓடிக்கொண்டிருந்தால் ஈஸ்ட் நியூட்ரியன்ட் கொஞ்சம் சேர்த்து நன்றாகக் கலக்குங்கள். முடிந்துவிட்டது என்றால் அடி வண்டலை விட்டு இன்னொரு ஜாடிக்குச் சலசலவென்று ஊற்றி மாற்றுங்கள், உங்கள் ஊரில் கிடைக்கும் கேம்ப்டன் மாத்திரை (சல்ஃபைட்) ஒன்றைக் காலனுக்குப் போடுங்கள். வீட்டில் ஆஸ்துமாக்காரர் இருந்தால் அவருக்கு இதை ஊற்றாதீர்கள். யூடியூபில் செம்புக் காசு போடச் சொல்வார்கள், அது வேண்டாம்.

பாட்டி வீட்டுப் பித்தளை அண்டாவில் போடலாமா? (சிங்கப்பூர்)

கூடாது. பித்தளை, செம்பு, அலுமினியம், இரும்பு எதுவும் கூடாது, பழப் புளிப்பு அதையெல்லாம் அரித்து உள்ளே இறக்கிவிடும். பழைய பீங்கான் பரணியின் மெருகில் ஈயம் இருக்கக்கூடும், அதில் ஊறுகாயே யோசித்துத்தான் போட வேண்டும். கண்ணாடி, அல்லது உணவுக்கென்று விற்கிற பிளாஸ்டிக் வாளி.

கொய்யா ஒயின் மூன்று மாதமாகத் தெளியவே இல்லை. பழத்தை நன்றாக வேகவைத்துத்தான் போட்டேன். (லண்டன்)

வேகவைத்ததுதான் வினை. கொய்யாவில் பெக்டின் அதிகம், வேகவைத்தால் அது முழுக்கச் சாறில் இறங்கிவிடும், ஜாம் கெட்டியாவது இதனால்தான். மாம்பழத்திலும் இதே தொல்லை உண்டு. பெக்டினை உடைக்கும் நொதி கடையில் கிடைக்கும், ஈஸ்ட் போடுவதற்கு அரை நாள் முன்னால் சேர்க்க வேண்டும். இப்போதும் சேர்த்துப் பார்க்கலாம், கூடுதலாகப் போட வேண்டியிருக்கும். கலங்கலாகக் குடித்தாலும் ஒன்றும் ஆகாது.

மெல்போர்னில் கராஜில் வைத்திருந்த எட்டு பாட்டிலில் மூன்று வெடித்துவிட்டது. கண்ணாடித் தரம் சரியில்லையா? (மெல்போர்ன்)

கண்ணாடியில் குறை இல்லை. சர்க்கரை மிச்சம் இருக்கும்போதே இறுக்கி மூடினீர்கள், உள்ளே ஈஸ்ட் வேலையைத் தொடர்ந்தது, வாயுவுக்குப் போக வழி இல்லை. மூன்று நாள் ஹைட்ரோமீட்டர் அசையாமல் நிற்காமல் மூடாதீர்கள் என்று எத்தனை முறைதான் எழுதுவது? மிச்சம் ஐந்து பாட்டிலையும் கையில் தூக்காதீர்கள். கனமான துணியையோ போர்வையையோ போட்டு மூடி, கண்ணுக்குப் பாதுகாப்புக் கண்ணாடி போட்டுக்கொண்டு, ஒவ்வொன்றாக மூடியைத் தளர்த்துங்கள். ஹைட்ரோமீட்டர் வாங்க மனம் வராதவர்கள் சோடா விற்கிற பிளாஸ்டிக் பாட்டிலையாவது பயன்படுத்துங்கள், அமுக்கிப் பார்த்தால் கல் மாதிரி ஆனது தெரியும்.

கள்ளக்குறிச்சிக்குப் பிறகு பயமாக இருக்கிறது. வீட்டு ஒயினில் மெத்தனால் வருமா? மகன் கனடாவில் போடுகிறான். (மேட்டூர்)

பயப்படுவது நியாயம்தான், 2024 ஜூனில் அங்கே அறுபது பேருக்கு மேல் போனார்கள், பக்கத்து ஜில்லா. ஆனால் அது நொதித்த பழச்சாறால் வந்தது இல்லை, சாராயம் என்று ஊற்றிக் கொடுத்ததில் மெத்தனால் இருந்தது. பழம் நொதிக்கும்போது பெக்டினிலிருந்து துளி மெத்தனால் வருவது உண்மை, கடையில் விற்கிற ஒயினிலும் அது உண்டு, அந்த அளவு கண்ணைப் பறிக்காது. உங்கள் மகனிடம் ஒன்றே ஒன்றை மட்டும் கேளுங்கள்: காய்ச்சி வடிக்கிறானா? இல்லை என்றால் நிம்மதியாக இருங்கள். ஆமாம் என்றால் உடனே நிறுத்தச் சொல்லுங்கள். ஆவி தீப்பிடிக்கும், உரிமம் இல்லாமல் வீட்டில் காய்ச்சுவது கனடாவிலும் குற்றம்.

இதே தபாலில் "ஒயினைக் காய்ச்சி ஸ்ட்ராங் ஆக்குவது எப்படி" என்று இரண்டு பேர் கேட்டிருக்கிறார்கள். அதற்கு இங்கே பதில் கிடையாது, இனிமேலும் கிடையாது.

எங்கள் தோட்டத்தில் பல்ப் செய்த (கொட்டையைப் பிரித்தெடுத்த) காபிப் பழத்தோல் மலையாகக் குவிகிறது. இனிப்பாகத்தானே இருக்கிறது, ஒயின் ஆக்கலாமா? (ஏற்காடு)

ஏற்காடும் தமிழ்நாட்டில்தான் இருக்கிறது, முதல் பதிலைப் படியுங்கள். தோலை வீணாக்க வேண்டாம். பழம் பறித்த அன்றே பல்ப் செய்து, பூஞ்சை பிடிக்கும் முன் தரையிலிருந்து உயர்த்திக் கட்டிய வலையில் மெல்லியதாகப் பரப்பிக் காய வையுங்கள். மொறுமொறு என்று ஆனதும் வெந்நீரில் போட்டு வடித்தால் தேநீர் மாதிரி நன்றாக இருக்கும், காஃபினும் கொஞ்சம் உண்டு. ஒரு நாள் குவியலாகக் கிடந்த தோலை இதற்கு எடுக்காதீர்கள், அது உரக் குழிக்குத்தான். மருந்து அடித்த தோட்டம் என்றால் அதுவும் வேண்டாம்.

இஞ்சி ஒயின் வைத்தேன். ஒரு வாரத்தில் நுரை கட்டி, திறந்தால் "டப்" என்கிறது. (ஏற்காடு)

அப்படியென்றால் அது இஞ்சி ஒயின் இல்லை, நிஜ ஒயின். சர்க்கரை குறைவாகப் போட்டிருப்பீர்கள், பாட்டிலும் ஈரமாக இருந்திருக்கும். இரண்டு லிட்டர் தண்ணீருக்கு 150 கிராம் இஞ்சியைத் தட்டிப் போட்டு, நாலைந்து காய்ந்த மிளகாய், ஒரு துண்டு பட்டை, ஆறேழு கிராம்பு சேர்த்து, அரை மணி நேரம் கொதிக்க வைத்து வடிகட்டுங்கள். ஒரு கிலோ சர்க்கரையில் ஒரு கைப்பிடியை மட்டும் தனியாகக் கருக்கி நிறத்துக்குச் சேர்த்து, மீதியைக் கரைத்து இன்னொரு கொதி விடுங்கள். ஆறியதும் ஒரு தேக்கரண்டி சிட்ரிக் அமிலம், அல்லது இரண்டு எலுமிச்சம்பழச் சாறு. கொதிநீரில் கழுவிக் காயவைத்த பாட்டிலில் ஊற்றி ஃபிரிட்ஜில் வையுங்கள், குடிக்கும்போது தண்ணீர் கலந்துகொள்ளுங்கள். குழந்தைகளுக்கும் கொடுக்கலாம், மிளகாயை இரண்டாகக் குறைத்துவிடுங்கள். நுரைத்ததைக் குழந்தைகளுக்குக் கொடுக்காதீர்கள், "ஒரு வாய்தானே" என்றெல்லாம் வேண்டாம்.

திராட்சை ஒயின் வினிகர் ஆகிவிட்டது. திருப்ப வழி உண்டா? (பர்மிங்ஹாம்)

இல்லை. ஜாடியை அரைகுறையாக நிரப்பி வைத்தீர்களா, பழ ஈ போய் வந்ததா, இரண்டில் ஒன்றுதான். கறி ஊறவைக்க நன்றாக இருக்கும், ஒரு பாட்டிலில் எடுத்து வையுங்கள். அந்த ஜாடி, குழாய், மூடி எதையும் அடுத்த ஒயினுக்குத் தொடாதீர்கள்.