தலைக்கு மேல் தொங்கும் ஏசி: விழுமா, ஒழுகுமா?

கேள்வி: புதிய வீட்டின் படுக்கையறையில், ஃபால்ஸ் சீலிங்குக்குள் டக்ட் ஏசியின் (குளிர்காற்றைக் குழாய்வழியே அறைக்கு அனுப்பும் ஏசி) உட்புற யூனிட்டைத் தொங்கவிடப் போகிறார்கள். எடை 45 கிலோ. நேர் கீழே கட்டில். குழந்தையும் அங்கேதான் தூங்கும். "நான்கு கம்பி போதும், பயப்படாதீர்கள்" என்கிறார் ஒப்பந்தக்காரர். நம்பலாமா?

பதில்: நான்கு கம்பி போதும். 8 மி.மீ. மரைக்கம்பி ஒன்றே உங்கள் யூனிட்டைப் போல் பல மடங்கு எடையைத் தாங்கும். நீங்கள் பார்க்க வேண்டியது, அந்தக் கம்பி மேலே எதைப் பிடித்துக்கொண்டிருக்கிறது என்பதைத்தான். கம்பியைத் தளத்தோடு பிணைக்கும் ஆங்கர் போல்ட் கான்கிரீட்டுக்குள் முழு ஆழத்துக்கு இறங்கியிருக்க வேண்டும். மேலே உள்ள சிமெண்ட் பூச்சை அந்த ஆழத்தில் சேர்க்கக் கூடாது; பூச்சுக்குப் பிடிமானம் கிடையாது. துளையிட்டதும் உள்ளே இருக்கும் தூளை ஊதி எடுக்காமல் போல்ட்டை அடித்தால் பிடி குறைந்துவிடும். மரக்கட்டையோ பிளாஸ்டிக் பிளக்கோ தலைக்கு மேல் எடை தாங்கக் கூடாது. ஃபால்ஸ் சீலிங்கின் தகரச் சட்டத்தில் யூனிட்டின் ஒரு மூலைகூடச் சாயக் கூடாது. ஒவ்வொரு கம்பியிலும் இரண்டு நட்டு, ஒன்றை ஒன்று இறுக்கியபடி இருக்க வேண்டும். விசிறியின் அதிர்வில் ஒற்றை நட்டு மெல்லக் கழன்று வரும்.

ஒரு விதிவிலக்கை மட்டும் விரிவாகச் சொல்கிறேன், ஏனென்றால் இதில் தவறு நடந்தால் திருத்த முடியாது. உங்கள் கட்டடத்தின் தளம் போஸ்ட் டென்ஷன் முறையில் போட்டதா என்று கேளுங்கள். அப்படிப்பட்ட தளத்துக்குள் எஃகுக் கேபிள்கள் கடும் இழுவிசையோடு புதைந்திருக்கும். துளையிடும்போது ஒரு கேபிள் அறுந்தால், அடைத்துவைத்த விசை ஒரே நொடியில் வெளியேறும். துளையிடுபவருக்கும் ஆபத்து, தளத்துக்கும் ஆபத்து. ஆழம் குறைவாகத்தானே போடுகிறோம் என்று சிலர் சொல்வார்கள். கேபிள் எல்லா இடத்திலும் ஒரே ஆழத்தில் ஓடாது. தூண்களுக்கு அருகில் மேலேறும், நடுவில் கீழிறங்கும். அறையின் நடுப்பகுதியில் அது அடிப்பரப்புக்கு மிக அருகில் இருக்கும். ஆகவே வரைபடத்தைப் பார்க்காமல், ஸ்கேனர் வைத்துக் கேபிளின் பாதையைக் குறிக்காமல் ஒரு துளைகூடப் போட விடாதீர்கள். கட்டியவரிடம் வரைபடம் கேட்டால், பெரும்பாலும் அலைக்கழிப்பார்கள். வீட்டை வாங்கியவர் தன் தலைக்கு மேல் என்ன இருக்கிறது என்று தெரிந்துகொள்ள மூன்று கடிதம் எழுத வேண்டியிருப்பது எனக்கு இன்றும் கோபம் தருகிறது. எழுதுங்கள், விடாதீர்கள்.

இப்போது நீங்கள் கேட்காத விஷயத்துக்கு வருகிறேன். இத்தனை ஆண்டுகளில் யூனிட் விழுந்த வீட்டை விட, ஒழுகிய வீட்டைத்தான் நான் அதிகம் பார்த்திருக்கிறேன். புழுக்கமான நாளில் நடுத்தர யூனிட் ஒன்று மணிக்கு ஒரு லிட்டருக்கும் மேல் தண்ணீரை வடிக்கும். அது வெளியேற டிரெயின் பைப் மீட்டருக்கு ஒரு சென்டிமீட்டராவது சரிந்திருக்க வேண்டும். பைப்பின் தொடக்கத்தில் 'யு' வடிவ வளைவு ஒன்றும் தேவை. அதைத்தான் நேரமில்லை என்று விட்டுவிடுகிறார்கள். இப்படிப்பட்ட பல யூனிட்களில் விசிறி காற்றை உள்ளே உறிஞ்சுகிறது. வளைவில் தண்ணீர் நின்று தடுக்காவிட்டால், காற்று பைப் வழியே உள்ளே பாய்ந்து, வடிய வேண்டிய தண்ணீரை, யூனிட்டுக்குள் அதைச் சேகரிக்கும் தட்டிலேயே நிறுத்திவிடும். ஏசி ஓடும்வரை தட்டு நிரம்பி வழியும். அணைத்ததும் எல்லாம் வடிந்துவிடும். மெக்கானிக் வந்து பார்க்கும்போது குற்றம் எதுவும் தெரியாது. "எல்லாம் சரியாகத்தானே இருக்கிறது" என்று சொல்லிவிட்டுக் கட்டணத்தோடு போய்விடுவார்.

இந்த வளைவை யார் வைக்க வேண்டும்? யூனிட் விற்றவர் பிளம்பரைக் காட்டுவார், பிளம்பர் உள்ளலங்காரக்காரரைக் காட்டுவார். மொத்த வேலையையும் எடுத்த இடைத்தரகர், நீங்கள் பெயரே கேட்டிராத தினக்கூலிக்காரரிடம் அதைக் கொடுத்திருப்பார். உத்தரவாத அட்டை யூனிட்டுக்கு மட்டும். தொங்கவிட்ட விதத்துக்கும் வடிகாலுக்கும் கையெழுத்துப் போட ஆளில்லை. சீலிங்கை மூடினால்தான் அடுத்த தவணைப் பணம் வரும் என்பதால், மூடுவதில் மட்டும் எல்லோருக்கும் அவசரம். அந்தத் தவணைதான் உங்கள் கையில் இருக்கும் ஒரே பிடி. தட்டில் ஒரு வாளித் தண்ணீரை ஊற்றி, மறுமுனையில் முழுவதும் வருவதை நீங்களே பார்க்கும்வரை பணம் கொடுக்காதீர்கள். பிறகு விசிறியை முழு வேகத்தில் ஓடவிட்டு, மீண்டும் ஊற்றச் சொல்லுங்கள். யூனிட்டுக்கு அடியில் இரண்டாவது தட்டும், அதில் தண்ணீர் சேர்ந்தால் ஏசியை நிறுத்தும் மிதவை சுவிட்சும் கேளுங்கள். தேவையில்லை என்பவரிடம், சீலிங் ஊறினால் செலவை ஏற்பதாக எழுதித் தரச் சொல்லுங்கள்.

கசிவுச் சோதனைக்குச் செம்புக் குழாய்க்குள் நைட்ரஜனைத்தான் ஏற்ற வேண்டும். பற்றவைக்கக் கொண்டுவந்த ஆக்சிஜனை ஏற்றப் பார்த்தால், வேலையை அங்கேயே நிறுத்துங்கள். அழுத்தத்தில் இருக்கும் ஆக்சிஜன் கம்ப்ரஸர் எண்ணெயோடு சேர்ந்தால் வெடிக்கும். மின்சாரத்துக்குத் தனி இணைப்பும் எர்த்தும் கட்டாயம்.

கட்டிலைப் பற்றிக் கேட்டிருந்தீர்கள். டக்ட் ஏசியில் யூனிட் படுக்கையறைக்குள் இருக்க வேண்டிய அவசியமே இல்லை. அறைக்கு வெளியே, நடைவழியின் மேல் மாட்டிக் காற்றை மட்டும் உள்ளே கொண்டுவர முடியுமா என்று இப்போதே கேளுங்கள். டக்ட் வெட்டிய பிறகு கேட்டால் முடியாது என்பார்கள். வெளியே மாட்டினால் குழந்தையின் தலைக்கு மேல் எடையும் இருக்காது, தண்ணீரும் இருக்காது. ஃபில்டர் கழுவுவதற்குக் கட்டில்மேல் ஏணி வைக்கவும் வேண்டாம். எங்கே மாட்டினாலும், விசிறி மோட்டாரை வெளியே எடுக்கும் அளவுக்குச் சீலிங்கில் திறப்பு விடச் சொல்லுங்கள்.