காதுக்குக் கீழே விழுந்த பள்ளம்

கேள்வி: காதருகே உள்ள பரோட்டிட் என்ற உமிழ்நீர்ச் சுரப்பியில் இருந்த கட்டியை எடுத்து எட்டு மாதமாகிறது, புற்றுநோய் இல்லை. இப்போது காது மடலுக்குக் கீழே குழி விழுந்திருக்கிறது. சாப்பிடும்போது அங்கே வியர்க்கவும் செய்கிறது. அழகு நிலையத்தில் பள்ளத்தை நிரப்பும் ஃபில்லர் ஊசி போட்டால் சரியாகும் என்கிறார்கள். போடலாமா?
- வாசகி, தஞ்சாவூர்

பதில்: தயவுசெய்து அங்கே போட்டுக்கொள்ளாதீர்கள். சுரப்பியின் மேற்பகுதியை எடுத்துவிட்டதால், கண்ணையும் உதட்டையும் அசைக்கும் முகநரம்பின் கிளைகள் இப்போது தோலுக்கு வெகு அருகில் இருக்கின்றன. அனுபவமில்லாதவர் கூர்மையான ஊசியைச் செலுத்தினால் நரம்போ ரத்தக்குழாயோ அடிபடலாம். ஜெல் ஃபில்லர் கரைந்தும் போய்விடும்.

உங்களுக்குப் பொருத்தமாகத் தெரிவது சொந்தக் கொழுப்பு. பிளாஸ்டிக் சர்ஜன் அடிவயிற்றிலிருந்தோ தொடையிலிருந்தோ மெல்லிய குழாயால் கொழுப்பை உறிஞ்சி, ரத்தமும் எண்ணெயும் பிரித்து, முனை மழுங்கிய கேனுலா என்ற மெல்லிய குழாயால் பொட்டுப் பொட்டாகப் பல அடுக்குகளில் வைப்பார். ஒரே இடத்தில் மொத்தமாக வைத்தால் நடுவில் இருப்பதற்கு ரத்தம் எட்டாது. அது செத்துக் கட்டியாகிவிடும். சரியாக வைத்தாலும் ஒரு பங்கு கரையத்தான் செய்யும், சிலருக்குப் பாதிகூட. அதனால் சில மாதம் கழித்து இரண்டாம் முறை தேவைப்படலாம். புகைப்பழக்கம் இருந்தால் கொழுப்பு ஒட்டுவது குறையும். பின்னாளில் எடை கூடினால் அந்தக் கன்னமும் உப்பும், ஏனென்றால் அது வயிற்றிலிருந்தோ தொடையிலிருந்தோ வந்த கொழுப்பு.

அதற்கு முன் பயாப்ஸி ரிப்போர்ட்டை எடுத்துப் பாருங்கள். 'பிளியோமார்ஃபிக் அடினோமா' என்றிருந்தால், அது பல வருடம் கழித்தும் திரும்ப வரக்கூடிய கட்டி. கொழுப்பு வைக்கும் முன்பே ஒரு எம்.ஆர்.ஐ. எடுத்து வைத்துக்கொண்டால், பிற்பாடு ஏதாவது தட்டுப்படும்போது ஒப்பிட்டுப் பார்க்கலாம். வைத்த பிறகு எப்போது ஸ்கேன் எடுத்தாலும் ரேடியாலஜிஸ்டிடம் கொழுப்பு வைத்திருப்பதைச் சொல்லுங்கள்.

பள்ளத்தை நிரப்ப வேறு வழிகளும் உண்டு. கழுத்துத் தசையின் ஒரு பகுதியைத் திருப்பி வைப்பதும், வயிற்றிலிருந்து தோலின் அடிப்பகுதியோடு சேர்த்துக் கொழுப்பை எடுத்துப் பதிப்பதும் பெரும்பாலும் முதல் அறுவையின்போதே செய்யப்படுபவை. கதிர்வீச்சு கொடுத்த கன்னத்தில் ஊசிக்கொழுப்பு சரியாக ஒட்டாது. பெரிய இழப்பாக இருந்தால் தொடைத் திசுவை ரத்தக்குழாயோடு எடுத்துவந்து இணைப்பார்கள். உங்களுக்கு அவ்வளவு தேவைப்படாது.

வியர்வைக்கு ஃப்ரே நோய்க்குறி என்று பெயர். உமிழ்நீருக்கான நரம்பிழைகள் தவறிப்போய் வியர்வைச் சுரப்பிகளில் வளர்ந்துவிடுவதுதான் காரணம், ஆபத்தில்லை. கொழுப்பு வைத்ததில் சிலருக்கு அதுவும் குறைகிறது. குறையாவிட்டால், வியர்க்கும் இடத்தை அயோடினும் மாவும் தடவிக் குறித்துக்கொண்டு தோலுக்குள் வியர்வையை அடக்கும் போட்டாக்ஸ் ஊசி போடுவார்கள். பல மாதம் தாங்கும்.