கோமெட் விமானம்: சதுர ஜன்னல்தான் காரணமா?

வணக்கம். 'கோமெட் விமானம் சதுர ஜன்னலால் உடைந்தது' என்று மகள் பள்ளிச் செயல்திட்டத்தில் எழுதியதை ஆசிரியர் அடித்துவிட்டார், யார் சொல்வது சரி என்று கேட்டிருந்தீர்கள். ஆசிரியர் பக்கம்தான் நியாயம் கொஞ்சம் அதிகம்.

1954 ஜனவரி 10 அன்று ரோமிலிருந்து லண்டனுக்குக் கிளம்பிய கோமெட் (பிரிட்டனில் தயாரான ஜெட் பயணிகள் விமானம்), இத்தாலியின் எல்பா தீவருகே நடுவானில் சிதறியது. இருந்த 35 பேரும் இறந்தார்கள். ஏப்ரல் 8-இல் நேப்பிள்ஸுக்குத் தெற்கே கடலில் இன்னொன்று, 21 பேர்.

அப்புறம் இங்கிலாந்தில் ஃபார்ன்பரோவில் ஒரு கோமெட்டின் உடலைத் தண்ணீர்த் தொட்டிக்குள் வைத்து, ஒவ்வொரு பறப்பிலும் நடப்பதுபோல உள்ளே அழுத்தத்தை ஏற்றி இறக்கிப் பார்த்தார்கள். (காற்றை அடைத்துச் சோதித்தால் குண்டு மாதிரி வெடித்துவிடும். தண்ணீர் என்றால் கிழிந்த இடம் அப்படியே நிற்கும், ஆராயலாம்.) ஏற்கெனவே பறந்த பறப்புகளையும் சேர்த்து 3,057-வது சுற்றில் உடல் கிழிந்தது. கம்பியை வளைத்து வளைத்து உடைப்போமே, அதே கதை: உலோகச் சோர்வு.

ஆனால் கடலிலிருந்து எடுத்த எல்பா விமானத்தின் துண்டுகளில், கிழிசல் தொடங்கியது பயணிகள் ஜன்னலில் இல்லை. கூரையில், திசை காட்டும் வானொலிக் கருவியின் ஆன்டெனாவுக்காக வெட்டிய திறப்பின் மூலையில். பயணிகள் ஜன்னல்களும் அச்சுச் சதுரம் அல்ல, மூலைகள் வளைந்தவைதான்.

மூலைகளில் இழுவிசை கணக்குப் போட்டதைவிட மிக அதிகமாக இருந்தது, அதுதான் விஷயம். 'சதுர ஜன்னல்' என்பதை 'திறப்புகளின் மூலையில் உலோகச் சோர்வு' என்று மாற்றச் சொல்லுங்கள். மீதியை அப்படியே விடலாம்.