கம்பெனி தராத மென்பொருளை நம்பலாமா?

கேள்வி: என் மின்னூல் கருவியோடு வந்த மென்பொருள் விண்டோஸில்தான் ஓடுகிறது. வீட்டில் இருப்பதோ லினக்ஸ். ‘மின்னூல்களை மாற்றிக் கருவியில் ஏற்றித் தரும் காலிபர் என்ற இலவச மென்பொருளைப் போடு’ என்கிறான் தம்பி. கருவியை விற்றவர்கள் தராத ஒன்றை நம்பி ஏற்றலாமா?
– ஒரு வாசகர், கோவில்பட்டி

பதில்: தாராளமாக ஏற்றுங்கள். உங்களுக்கு வந்த இதே சங்கடம் இன்னொருவருக்கு வந்ததால் பிறந்ததுதான் காலிபர். 2006இல் சோனியின் பிஆர்எஸ்-500 கருவி அமெரிக்காவில் விற்பனைக்கு வந்தது. லினக்ஸ் கணினியில் செருகினால் பென் டிரைவ் போலத் திறக்காது; யுஎஸ்பி கம்பி வழியாகத் தனிப் பாஷை பேசும். அப்போது ஆராய்ச்சி மாணவராக இருந்த கோவித் கோயல் அந்தப் பாஷையைத் துருவி அவிழ்த்து, லினக்ஸிலிருந்து புத்தகம் ஏற்ற ஒரு நிரல் எழுதினார். அதற்கு அவர் வைத்த பெயர் ‘லிப்பிஆர்எஸ்500’. நல்லவேளை, 2008இல் ‘காலிபர்’ என்று மாற்றிவிட்டார். பெரும்பகுதி பைத்தான் என்ற நிரல்மொழியில் எழுதியது, திரையில் தெரியும் பொத்தான்களுக்கும் சாளரங்களுக்கும் க்யூட் என்ற ஆயத்த நிரல் தொகுப்பு. அதனால் விண்டோஸ், மேக், லினக்ஸ் மூன்றிலும் ஒரே முகம். மூல நிரலும் திறந்தே கிடக்கிறது, யாரும் படித்துப் பார்க்கலாம். உங்கள் கருவியோடு வந்த மென்பொருளை அப்படிப் பார்க்க முடியுமா?

நான் மெய்ப்புப் பார்த்தே கண்ணாடி போட்டவன். என் பழைய கருவியில் முதல் தமிழ் நூலைத் திறந்தபோது, ‘பெயர்’ என்ற சொல்லில் ஒற்றைக்கொம்பு பகரத்தைத் தாண்டிப் போய் ‘பயெர்’ என்று நின்றது. புத்தகம் முழுக்க அப்படித்தான். பிழை நூலில் இல்லை. எழுத்துகளைச் சேர்த்துக் காட்ட அந்தக் கருவிக்குத் தெரியவில்லை. காலிபரில் பக்க அளவைக் கருவியின் திரைக்குத் தக்கபடி சுருக்கிப் பிடிஎஃப் ஆக்கினேன். கொம்பு கணினியிலேயே இடம்பார்த்து உட்கார்ந்துவிடுவதால் கருவியால் அதை நகர்த்த முடியவில்லை. ஆனால் பிடிஎஃபில் எழுத்தை மட்டும் பிறகு வசதியாகப் பெரிதாக்க முடியாது; மாற்றும்போதே பெரிதாக வைத்துவிடுங்கள். இதைத் தெரிந்துகொள்வதற்குள் ஒரு நாவலை மூன்று முறை மாற்றினேன்.

கடையில் வாங்கிய பூட்டுப் போட்ட மின்னூல்களைக் காலிபர் திறக்காது, அதற்காகக் கோபித்துக்கொள்ளாதீர்கள். நிறுவும் கோப்பைக் காலிபரின் சொந்தத் தளத்திலிருந்தே எடுங்கள். லினக்ஸோடு வரும் மென்பொருள் களஞ்சியங்களில் கிடைப்பது பெரும்பாலும் பழைய பதிப்பு. முதலில் பத்துப் பக்கக் கோப்பு ஒன்றை மாற்றிப் பார்த்து, கொம்பு சரியான பக்கம் நிற்கிறதா என்று எழுதுங்கள்.