அந்த ரோஜா நிறத் தட்டு

அன்புள்ள ஐயா,

நம் சிங்கப்பூர் உணவங்காடி நிலையங்களில் ரோஜா, பச்சை, ஆரஞ்சு என்று மெலமைன் (கெட்டிப் பிளாஸ்டிக்) தட்டுகள் கண்ணைப் பறிக்கின்றன. இவற்றை நம் பல இன ஒற்றுமையின் குறியீடாகக் கொள்ளலாமா? வீட்டுக்கும் ஒரு செட் வாங்கியிருக்கிறேன். மெலமைன் உடம்புக்கு ஆகாது என்கிறார்களே?

– ஒரு வாசகி, உட்லண்ட்ஸ்

அன்புள்ள வாசகிக்கு,

மெலமைனை மைக்ரோவேவில் வைக்காதீர்கள். அந்தக் கேள்வி அதோடு முடிந்தது. செட் வாங்கியதும் குற்றமில்லை, ஆசைப்பட்டு வாங்கியிருக்கிறீர்கள். ஆனால் 'குறியீடு' என்றீர்களே, அங்கேதான் எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது. 2020 டிசம்பரில் யுனெஸ்கோ நம் உணவங்காடிக் கலாசாரத்தைப் பண்பாட்டு மரபுப் பட்டியலில் சேர்த்தாலும் சேர்த்தது, ஒரு கரண்டியைக்கூட நாம் சும்மா விடுவதில்லை.

அந்த நிறம் தின்கிறவருக்கானது அல்ல அம்மா, கழுவுகிறவருக்கானது. ஒரே கூரையின்கீழ் அத்தனை கடைகள். மேசையில் கலந்து கிடக்கும் தட்டுகளில் எது எந்தக் கடைக்குத் திரும்ப வேண்டும், எது ஹலால், எது இல்லை என்பதை நிறத்தைப் பார்த்துத்தான் பிரிக்கிறார்கள். நீங்கள் கலப்பைக் காண்கிற இடத்தில் அது 'கலக்காதே' என்கிறது. 2021 செப்டம்பரிலிருந்து ட்ரேயை நாமே திருப்பி வைக்க வேண்டும் என்று விதி. நேற்றும் ஒருவர் பன்றி இறைச்சி மீ (நூடுல்ஸ்) சாப்பிட்ட கிண்ணத்தை ஹலால் அடுக்கில் செருகிவிட்டு, கைப்பேசியைப் பார்த்தபடியே போனார். ஒற்றுமையாம்!

என் அம்மா நாலைந்து கடைகளுக்குச் சேர்த்துத் தட்டு கழுவியவர். ஏழு வயதில் நான் ஒரு ரோஜா நிறத் தட்டைச் சட்டைக்குள் ஒளித்து வீட்டுக்குக் கொண்டுவந்தேன். அம்மா அதை விளக்கடியில் திருப்பினார். நடுவில் மஞ்சள் கறை ஏறி, ரோஜா செங்கல் நிறமாகியிருந்தது. முள்கரண்டிக் கீறல் ஒன்றுகூட இல்லை. "கையால் சாப்பிடுகிற மங்கு. பரோட்டாக் கடையுடையது" என்றார். அடிக்கவில்லை. அங்கேயே ஒரு முறை கழுவினார்.

மறுநாள் விடியுமுன் என்னை இழுத்துக்கொண்டு போய் நிறுத்தினார். கடைக்காரர் மாவு பிசைந்த கையோடு தட்டை வாங்கினார். ஒரு வார்த்தை பேசவில்லை. அடுக்கில் வைக்காமல், கழுவும் தொட்டியில் போட்டார்.

அம்மா சேலையைச் செருகிக்கொண்டு குனிந்து, அதை இன்னொரு முறை கழுவினார்.